ருகோசா ரோசாவுக்கு மட்டக்களப்புக் கல்லடி மணல் சரிவருமா?

"ருகோசா காட்டு ரோசா கடற்கரைச் செடி, உப்பைத் தாங்கும். கல்லடி மணலில நட்டுப்போட்டு உவர்க் கிணத்துத் தண்ணியை ஊத்துங்க, போதும்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. கடற்கரைச் செடிதான், ஆனால் வட யப்பான், கொரியா, ரஷ்யத் தூரகிழக்குப் பக்கம் பனி கொட்டுகிற கரைகளில் வளர்வது. குளிரில் இலை உதிர்த்து உறங்கி எழும்பினால்தான் ஒழுங்காகப் பூக்கும். மட்டக்களப்பில் அந்தக் குளிருக்கு எங்கே போறது?

உப்பைத் தாங்கும் என்றது இலையில் படுகிற கடல்காற்றை. வேருக்கு நாளாந்தம் உவர்த்தண்ணி ஊற்றினால் இலை விளிம்பு கருகும். சிப்பித்தூள் கலந்த மணலில் காரத்தன்மை கூடி, வேரால் இரும்புச்சத்தை எடுக்க ஏலாது. தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதுக்கு யூரியா போட்டுப் பலனில்லை. கந்தக மருந்து அடித்தால் இன்னும் மோசம், ருகோசா இலை எரிந்து கொட்டிவிடும்.

விதையும் சும்மா முளைக்காது. ஈரமணலில் கலந்து பிரிட்ஜின் கீழ்த்தட்டில், 4 பாகை செல்சியஸ் அளவில், 3 மாதம் வைக்க வேணும். ஐஸ் பெட்டிக்குள் வைக்கக் கூடாது.

முற்றத்தில் பூ வேணுமென்றால் பன்னீர் ரோசாவே புத்தி. பென்சில் தடிப்பில் 8 அங்குலத் தண்டை, செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய மாட்டெரு 1 கலந்த சாடியில் பாதிவரை ஊன்றுங்க. கச்சான் காற்று நேரம் பின்னேர வெயிலுக்கு மறைப்பு வேணும். மாரியில் சாடியைக் கல்லில் தூக்கி வையுங்க, அடியில் தண்ணி நின்றால் வேர் அழுகும். கிளை வெட்டுவது மழை ஓய்ந்த பிறகு.