தோற்றது டீம், உடைந்தது எங்கள் பஸ் தரிப்பிடம்

இறுதிப் போட்டியில் தோற்றால் வயிறு எரியத்தான் செய்யும். அதற்குப் பஸ் தரிப்பிடத்தை ஏன் உடைக்க வேண்டும்? ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டச் சந்தியில் மேட்ச் முடிந்த ராத்திரி தகரக் கூரையைக் கல்லால் அடித்து நெளித்து, பெஞ்சையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். ஊர்ச் சனம் சம்பளத்தில் காசு சேர்த்துப் போட்ட பெஞ்சு அது! இப்போது கிளினிக் போகிற கர்ப்பிணிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மழையில் நிற்கிறார்கள். இங்கே மழை என்றால் சும்மாவா? காலையில் கடைக்கார அக்கா சோடாப் போத்தல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "போத்தல் காசை யாருப்பா தருவது?" என்று கேட்டார். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை.

1996 கிரிக்கெட் உலகக் கிண்ண அரையிறுதி. கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் 252 ஓட்டங்களை விரட்டிய இந்தியா 120க்கு 8 விக்கெட் இழந்து நின்றபோது, ரசிகர்கள் போத்தல் எறிந்தார்கள், இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆட்டம் நின்றது, வெற்றி இலங்கைக்குக் கொடுக்கப்பட்டது. எரித்ததில் ஒரு ஓட்டமாவது கூடியதா? அந்தக் கூட்டத்தை இன்றைக்கும் திட்டுகிற நம்ம பையன்கள்தான் இதையும் செய்தார்கள். அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

கோபமா, வீட்டில் போய்க் கத்துங்கள், அழுங்கள். சரி, உடைத்தவர்கள் அடுத்த மழைக்கு முன்னால் அந்தத் தகரத்தை அடித்துக் கொடுங்கள்.