முதல் வரியையாவது வாசிங்க அண்ணாச்சி

“தலைப்புல ஒரே வார்த்தை ரெண்டு தடவ வந்திருக்கு. கவனக்குறைவு. அஞ்சுக்கு ஒண்ணு.”

முழு மதிப்பாய்வும் இவ்வளவுதான். வேற ஒரு சொல் கெடையாது. நெல்லைல நடக்கப்போற கட்டற்ற மென்பொருள் (யாரும் பாத்து, மாத்தி, பகிரலாம்னு விட்ட மென்பொருள்) மாநாட்டுக்கு வந்த உரை முன்மொழிவுகளை எல்லாரும் வாசிச்சு மார்க் போடலாம்னு பொதுவுல வச்சதுக்குக் கெடச்ச பலன் இது. முதல் தடவயா மேடையேற நினைச்ச ஒரு பிள்ளை எழுதின முன்மொழிவு.

தலைப்பு இதுதான்: “ஸ்ரீ வேறு, ஶ்ரீ வேறு: ஸ்ரீவைகுண்டம் ஏன் தேடலில் சிக்குவதில்லை?”

உங்க திரையிலயும் முதல் ரெண்டு ஸ்ரீயும் ஒண்ணு போலத்தான் தெரியும். அதைப் பத்தித்தான்யா உரையே! ஒண்ணுல முதல் எழுத்து ஸ. கணினியில ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் குடுக்குற யூனிகோட்ல அதுக்கு எண் 3000. இன்னொண்ணுல ஶ, எண் 2998. 2005-ல வந்த 4.1 பதிப்புலதான் அது சேந்துச்சு. பின்னால வர்ற புள்ளி, ர, ஈகாரக் குறி மூணும் ரெண்டுலயும் ஒண்ணுதான். எழுத்துரு நாலையும் சேத்து ஒரே வடிவமா வரைஞ்சு காட்டிரும். தரவுல ஒருத்தர் 3000 வச்சு அடிச்சிருப்பாரு, தேடுறவரு 2998 வச்சு அடிப்பாரு, அப்படி ஒரு ஊரே இல்லைனு பதில் வரும். தாமிரபரணியோட எட்டு அணைக்கட்டுல கடைசி அணைக்கட்டு இருக்குற ஊரு! எல்லாரும் சேந்து வரையுற ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்துல நம்ம கால்வாய்க்கும் குளத்துக்கும் பேர் போட்டுச் சேர்க்கறவங்களுக்கு இது தெரியணுமா, வேண்டாமா?

ஒரே எழுத்தை வேற வேற விதமா அடிச்சிருந்தா ஒண்ணாக்குற நார்மலைசேஷன் போட்டாச் சரியாகிரும்னு நினைப்பீங்க. ஆகாது. ‘கொ’வுக்கு ஆகும்: கொம்பும் காலும் சேந்த ஒரே குறியா 3018-னு அடிச்சாலும், 3014, 3006-னு ரெண்டா அடிச்சாலும் என்எஃப்சிங்கிற நார்மலைசேஷன் முறை ஒண்ணாக்கிரும். ஶ-வும் ஸ-வும் தனித்தனி எழுத்து, அதுங்களை எந்த நார்மலைசேஷனும் இணைக்காது. தேடல் அட்டவணைக்கு மட்டும் தனி விதி எழுதி, ஶ, புள்ளி, ர, ஈகாரக் குறினு வர்ற 2998, 3021, 2992, 3008-ங்கிற வரிசையை 3000-ல தொடங்குற வரிசையா மாத்தணும். மூலத் தரவுல கை வைக்கக் கூடாது. இவ்வளவும் அந்தப் பிள்ளை முன்மொழிவுல எழுதியிருக்கு.

இப்ப அந்த ஒண்ணு போட்ட அண்ணாச்சி என்ன செஞ்சாருனு ஒவ்வொண்ணாப் பாப்போம். தலைப்பை வாசிச்சாரு. சந்தேகம் வந்துச்சு. நியாயம்தான், வரணும்னுதான் அப்படித் தலைப்பு வச்சிருக்கு. அடுத்து, சுருக்கத்தோட முதல் வரியிலயே ‘மேலே உள்ள இரண்டும் வெவ்வேறு எழுத்துத் தொடர்கள்’னு போட்டிருக்கு. வாசிக்கலை. அதுக்குக் கீழ நிமிஷக் கணக்கு: அஞ்சு நிமிஷம் சிக்கல், எட்டு நிமிஷம் டெமோ, ஏழு நிமிஷம் தீர்வு, அஞ்சு நிமிஷம் கேள்வி, மொத்தம் 25. வாசிக்கலை. அதுக்கும் கீழ நிரலைப் பொதுவுல வச்சிருக்குற கிட் களஞ்சியத்தோட இணைப்பு, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்ங்கிற எம்ஐடி உரிமம்னு தெளிவா எழுதி. தொறக்கலை. சரி, வாசிக்கவே பிடிக்கலைன்னா, தலைப்புல முதல்ல உள்ள ரெண்டு ஸ்ரீயையும் நகலெடுத்து ஒட்டி, ரெண்டும் சமமானு பைத்தான் நிரல்மொழியில ஒரே ஒரு வரி கேட்டிருக்கலாம். இல்லைனு சொல்லியிருக்கும். அதுவும் செய்யலை. நேராக் கீழ இறங்கி வந்து, கவனக்குறைவுனு எழுதி, ஒண்ணைப் போட்டுட்டுப் போயிட்டாரு.

கண்ணை ஏமாத்துற ஒரு எழுத்து ஒரு ஊரையே தேடல்ல மறைச்சிரும்னு சொல்லுற உரை அது, அண்ணாச்சி. அதே எழுத்து உங்க கண்ணை ஏமாத்துனதுக்கு, எழுதின பிள்ளைக்குத் தண்டனை குடுத்துட்டீங்க. கவனக்குறைவு யாருக்கு? வயிறு எரியுது.

அந்த ஒரு மார்க் என்ன செஞ்சுதுனு பாருங்க. மத்த நாலு பேர் போட்டது 5, 4, 5, 4. சராசரி 4.5. இவரோட ஒண்ணு சேந்ததும் 3.8-க்கு விழுந்துட்டு. வெட்டுக்கோடு 4. உரை வெளிய. அஞ்சு மார்க்கையும் வரிசைப்படுத்தி நடுவுல உள்ள இடைநிலை அளவை எடுத்திருந்தா 4, உள்ள வந்திருக்கும். அஞ்சாறு பேர் மட்டும் மார்க் போடுற எடத்துல சராசரியை வச்சு வெட்டுனா, ஒரே ஒரு ஆளு ஒரு நல்ல உரையைக் கவுத்திரலாம். இது புதுசாக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமா? மாநாட்டு முன்மொழிவுகளை வாங்கி மதிப்பிட உதவுற பிரிடால்க்ஸ் மாதிரிக் கட்டற்ற கருவியிலயே இடைநிலை அளவை எடுக்க வசதி இருக்கு. பேச வர்றவங்க பேரை மறைக்கவும் வசதி இருக்கு. நாம எழுதி முடிச்ச பெறகுதான் அடுத்தவங்க மதிப்பாய்வு கண்ணுல படணும்னும் வைக்கலாம். ஒண்ணையும் போடலை.

பேரை மறைக்காததுக்குப் பலன்? ‘செயற்கை நுண்ணறிவின் எதிர்காலம்’னு ரெண்டே வரியில ஒரு முன்மொழிவு. நிரல் இணைப்பு இல்லை, உரிமம் இல்லை, நிமிஷக் கணக்கு இல்லை. காசு கட்டி வாங்குற ஒரு சேவையோட இலவசப் பகுதியைக் காட்டுவாராம். கட்டற்ற மென்பொருள் மாநாட்டுல! ஆனா எழுதினவரு பெரிய பதவியில இருக்காரு, அதனால ‘அருமை’, ‘ரொம்பத் தேவையான உரை’னு வரிசையா அஞ்சு. பாதிப்பேர் அவரு கூட வேலை பாக்கறவங்க. கூட வேலை பாக்கறவங்களும் நண்பர்களும் மார்க் போடாம ஒதுங்கிக்கணும்னு எழுதி வைக்க ஒரு வரி போதும். அந்த வரியும் கெடையாது.

துறை தெரியாதவரு மார்க் போட்டே ஆகணும்னு யாரு சொன்னா? பிரஸ்ஸல்ஸ்ல வருஷாவருஷம் நடக்குற ஃபாஸ்டெம்ங்கிற கட்டற்ற மென்பொருள் மாநாட்டுல ஒவ்வொரு துறைக்கும் தனி அறை, அந்தத் துறையில வேலை செய்யறவங்களே பொறுப்பா நின்னு உரைகளை எடுக்காங்க. நமக்கு அவ்வளவு ஆள் இல்லைதான். ஆனா ‘எனக்கு இது தெரியாது, மார்க் போடலை’னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போக ஆள் பலம் எதுக்கு? மனசு போதுமே.

நான் கேக்கறது மூணே மூணு வரி. இந்த உரை யாருக்கு, என்ன சொல்லப் போகுதுனு உங்க சொந்த வார்த்தையில ஒரு வரி. அதை எழுத முடியலைன்னா நீங்க வாசிக்கலைனு அர்த்தம், மார்க் போடாதீங்க. எது நல்லாருக்கு, எது பத்தலைனு எடத்தைக் காட்டி ஒரு வரி. ‘எட்டு நிமிஷத்துல டெமோ முடியாது, இணையம் போனாக் காட்ட ஒரு காணொளிப் பதிவு வச்சுக்கோங்க’ங்கிற மாதிரி. மூணாவது, ரெண்டோ அதுக்குக் கீழயோ போட்டா என்ன மாத்தினா நாலு போடுவீங்கனு. அந்தப் பிள்ளை அடுத்த மாநாட்டுக்காவது திருத்தி அனுப்பும்ல? ‘கவனக்குறைவு’னு ஒத்தச் சொல்லை வச்சு அது எதைத் திருத்த? ஶ-வைத் தூக்கிட்டு ஸ போடவா?

அந்த ஒரு மதிப்பாய்வை நீக்கிட்டு மறுபடி கணக்கு போடுங்கனு ஒருங்கிணைப்பாளர்கள்ட்ட கேட்டாச்சு. ‘சமூகத்தோட முடிவை மதிக்கணும்’னு பதில். சமூகத்துல நாலு பேர் வேணும்னு சொன்னாங்களே, அது முடிவு இல்லையா?

இதுல சாப்பாட்டுப் பட்டியல் வேற இன்னைக்கு வந்துருக்கு. ஃப்ரைட் ரைஸும் பன்னீர் பட்டர் மசாலாவும். திருநெல்வேலியில! நம்ம ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு, சொதி எங்க? பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கை ரெண்டாம் பால்ல வேக விட்டு, கடைசியா முதல் பாலை ஊத்தி, நுரை கட்டினதும் இறக்கிரணும். கொதிச்சாத் திரிஞ்சிரும். எலுமிச்சம்பழம் அடுப்புல இருக்கும்போது பிழியவே கூடாது. பக்கத்துல இஞ்சித் துவையல். வெளியூர்ல இருந்து வர்றவங்க இதைச் சாப்பிடாம, எந்த ஊர்லயும் கெடைக்கிற பன்னீரைத் தின்னுட்டு ரயில் ஏறணுமா? பட்டியலை இப்பவே மாத்துங்க. முன்கூட்டிச் சொன்னாத்தான் அத்தனை பேருக்கும் தேங்காய் துருவ ஆள் பிடிக்க முடியும்.