இறக்கினால் மட்டும் போதாது

“கோஹாவில் இசட்39.50 வழியாகப் பதிவை இறக்கினால் போதும், பட்டியலாக்குநர் வேண்டாம்” என்று சிலர் சொல்வது பாதி உண்மைதான். கோஹா என்பது நூலக மென்பொருள்; இசட்39.50 என்பது பிற நூலகங்களின் சர்வரிலிருந்து நூல் விவரப் பதிவுகளைத் தேடி எடுக்கும் நெறிமுறை. ஆங்கில நூல்களுக்குப் பெருமளவு சரி. தமிழ் நூல்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகப் பதிவுகள் பலவற்றில் தலைப்பு ரோமன் எழுத்தில் மட்டுமே இருக்கும். வாசகர் தமிழில் தட்டினால் நூல் சிக்காது. பதிவில் தலைப்புக்கான 245, ஆசிரியருக்கான 100 ஆகிய புலங்களில் தமிழ் எழுத்தை இட்டு, ரோமன் தலைப்பை மாற்றுத் தலைப்புக்கான 246க்கு மாற்றுங்கள், அழித்துவிடாதீர்கள்.

கோஹாவின் சர்வர் அமைப்பில் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறை, யூடிஎஃப்-8தானா என்றும் பாருங்கள். நூலகப் பதிவுகளின் பழைய குறியாக்கமான மார்க்-8இல் தமிழ் எழுத்துகளே கிடையாது. சர்வர் அனுப்புவது ஒன்று, நீங்கள் குறித்தது வேறு என்றால் ரோமன் எழுத்தின் மேற்கோடுகளும் கீழ்ப்புள்ளிகளும்கூடச் சிதையும்.

பிரதி விவரங்களுக்கான 952 புலத்தில் வரும் பார்கோடு, அலமாரி எண் எல்லாம் உங்கள் நூலகத்துக்கே உரியவை. அதை எந்த சர்வரும் தராது. இறக்கும்முன் உங்கள் பட்டியலில் ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச எண்) வைத்துத் தேடாவிட்டால் ஒரே நூலுக்கு இரண்டு பதிவு விழலாம். பழைய தமிழ் நூல்களில் அந்த எண்ணே இராது, தலைப்பையும் ஆசிரியரையும் வைத்துத்தான் தேட வேண்டும்.