அட்டையில் நான் அடித்த சொல்

போன வருடம் மார்ச் மாதம் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மகளிர் தின நிகழ்ச்சி. பேச அழைக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது நெறியாளர் பெண் ஓடி வந்து, "அக்கா, உங்க அறிமுகம் எழுதியிருக்கேன், சரியா இருக்கான்னு ஒரு தடவை பாருங்க" என்று ஓர் அட்டையை நீட்டினார். இருபத்து மூன்று வயதுக்கு மேல் இருக்காது. நல்ல கையெழுத்து. 'கணக்காய்வாளர், இரண்டு பிள்ளைகளின் தாய், பெண்ணியவாதி' என்று இருந்தது. கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்துக் கடைசிச் சொல்லை அடித்தேன். ஒரு கோடு போட்டும் சொல் தெரிந்தது, அதனால் இன்னொரு கோடு.

"ஏன் அக்கா?"

"ஒன்னுமில்லம்மா, அதெல்லாம் எதுக்கு?"

பிறகு மேடையேறி, சம ஊதியம், வீட்டு வேலையில் ஆண்களின் பங்கு என்று பன்னிரண்டு நிமிடம் பேசினேன். நல்ல கைதட்டல். அந்தப் பெண் மட்டும் ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை ஒரு வருடமாக உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

'பெண்களுக்கே பெண்ணியம் என்றால் என்னவென்று தெரியவில்லை' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அடித்தேன். மூன்றாவது வரிசையில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய கோயில் சிநேகிதிகள் இருவர். அதில் ஒருவர் அப்போது என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மவர்கள் நடுவில் அந்தச் சொல்லுக்கு அகராதியில் இல்லாத பொருள் ஒன்று உண்டு: 'அனுசரிச்சுப் போக மாட்டா.' அம்மாவே அப்படியென்றால் பெண் எப்படி இருப்பாள் என்ற கேள்வி அடுத்து வரும். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, என்னை என்ன சொன்னாலும் கவலையில்லை. ஆனால் நான் வைத்துக்கொள்ளும் பட்டத்துக்கு என் மகள் விலை கொடுக்க வேண்டியிருக்குமே என்று தோன்றியது. (மகளிடம் இதைச் சொன்னபோது, "அந்த மாதிரி வீட்டு வரனே எனக்கு வேண்டாம்மா" என்றாள். அது வேறு கதை.)

அலுவலகத்திலும் ஒரு பாடம் படித்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு, நான் வேலை பார்த்த ஓரிடத்தில், கூட்டக் குறிப்பு எடுக்கும் வேலை ஏன் எப்போதும் பெண்களில் ஒருவருக்கே வருகிறது என்று கேட்டேன். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். "ஆகா, ஃபெமினிஸ்ட் வந்துட்டாங்கப்பா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றைக்கும் குறிப்பு எடுத்தது இன்னொரு பெண்தான். அதன் பிறகு யாராவது ஒரு ஜோக் சொன்னால், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். "கோவிச்சுக்காதீங்க!" குறிப்பை யார் எடுப்பது என்ற பேச்சையே யாரும் மறுபடி எடுக்கவில்லை. நான்தான் பேச்சானேன். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டால், நீங்கள் கேட்ட கேள்வி காணாமல் போய், உங்கள் குணம் விசாரணைக்கு வந்துவிடும். இது புரிந்த பெண்கள் கேள்வியைக் காப்பாற்றுவதற்காகவே, "நான் பெண்ணியவாதியெல்லாம் இல்ல, ஆனா..." என்று தொடங்குகிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பல வீடுகளில் ஏதாவது நடந்திருக்கிறது என்றால் அந்த 'ஆனா'வுக்குப் பின்னால்தான் நடந்திருக்கிறது.

சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே நமக்குக் கிடைத்ததெல்லாம் தண்ணீர்க் குழாய் மாதிரி, திருகினால் வரும் என்று பழகிவிட்டோம். என் அத்தையின், அதாவது மாமியாரின், தாயார் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவர். மூத்தவரும் உயிரோடுதான் இருந்தார். அந்தக் காலத்தில் அதற்குத் தடையில்லை. 1961 செப்டம்பரில் மாதர் சாசனம் நடப்புக்கு வந்த பிறகுதான் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டமானது. ஏற்கெனவே நடந்த திருமணங்களை அது தொடவில்லை, அதனால் பாட்டிக்கு ஒன்றும் மாறவில்லை. 1971இல் கல்யாணமான அத்தைக்கு மாறியது. "எனக்கு அந்தப் பயமே இல்லாம இருந்துச்சு" என்பார்.

அந்தச் சட்டம் சும்மா வந்ததா என்று எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. 1952இல் சிங்கப்பூர் மாதர் மன்றம் தொடங்கப்பட்டதும், மும்பையில் பிறந்து இங்கு வந்த ஷிரின் ஃபோஸ்தார் பலதார மணத்துக்கு எதிராக வருடக்கணக்கில் எழுதியும் பேசியும் வந்ததும், 1959 தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் சான் சோய் சியோங் போன்றவர்கள் ஒருதார மணத்தைக் கட்சியின் வாக்குறுதியாக்கியதும் நான் நாற்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். 1995இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் கன்வல்ஜித் சோயின் குடும்ப வன்முறைக்கு எதிராகத் தனி மசோதா கொண்டுவந்தார். மசோதா நிறைவேறவில்லை. ஆனால் அதில் இருந்த பல அம்சங்கள் மறு ஆண்டே மாதர் சாசனத் திருத்தத்தில் வந்துவிட்டன. இன்று பாதுகாப்பு ஆணை கேட்டு நீதிமன்றம் போகும் பெண்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? போராடியவர்களின் பெயர் மறந்துபோன இடத்தில், போராட்டத்தின் பெயர் அந்நியமாகத் தெரிவதில் என்ன வியப்பு?

சரி, எல்லாம் முடிந்துவிட்டது, இனி எதற்கு என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1979இல் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் என்று வரம்பு வைத்தார்கள். பெண் மருத்துவர்கள் குடும்பத்துக்காக வேலையைக் குறைத்துக்கொள்வார்கள் என்பது காரணம். அது நீங்கியது 2003இல். தொடக்கக் கல்லூரியில் என் பக்கத்து இருக்கைக்காரிக்கு மருத்துவம்தான் கனவு. விண்ணப்பித்தாள், கிடைக்கவில்லை. இந்த வரம்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அவளிடமும் இல்லை. மனைவியானாலும் அவள் சம்மதம் சம்மதம்தான் என்பதைச் சட்டம் முழுதாக ஏற்றது 2020 ஜனவரி 1 அன்று. இதெல்லாம் பாட்டி காலத்துக் கதை இல்லை.

இந்தப் பேச்சை எடுத்தாலே, இங்கே ஆண்களுக்கு மட்டும் கட்டாயமான இராணுவச் சேவையைக் காட்டி, "அப்போ பொண்ணுங்களும் தேசிய சேவைக்குப் போங்க" என்று யாராவது சொல்வார்கள். இதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். என் மகன் தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமிலிருந்து முதல் முறை வீட்டுக்கு வந்தபோது, பையை இறக்கி வைத்துவிட்டு, காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டான். எழுந்ததும் கேட்டான்: "சமம் சமம்னு பேசுறீங்க, அக்காவுக்கு இது இல்லையே?" இரண்டு வருடம் சின்ன விஷயம் இல்லை. அவனுடைய கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுகிறான்? விதியை வகுத்தவர்களிடம் காட்ட முடியாது. சோற்றுத் தட்டோடு எதிரில் நிற்கும் அக்காவிடம் சுலபமாகக் காட்டலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் அடுத்தவர்கள் மீது போட்ட பழி. என் மீதே ஒன்று இருக்கிறது.

நிகழ்ச்சி நடந்தது ஞாயிற்றுக்கிழமை. முடிந்ததும் உறவினர் பன்னிரண்டு பேருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. சமைத்தது, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண். அன்று அவருடைய ஓய்வு நாள். பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற விதி 2013இல் வந்தது. ஓய்வு வேண்டாம் என்று அவர்கள் ஒத்துக்கொண்டால் அந்த நாளுக்குப் பணம் கொடுக்கலாம். மாதத்தில் ஒரு நாளையாவது அப்படிப் பணத்துக்கு வாங்காமல் ஓய்வாகவே விட வேண்டும் என்று 2023இல்தான் மாற்றினார்கள். அந்த மாதம் அவருடைய அந்த ஒரு நாள் ஏற்கெனவே கழிந்துவிட்டது, அதனால் விதிப்படி நான் செய்தது தப்பில்லை. பணம் கொடுத்தேன், அவரும் சரி என்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் வெங்காய வாசனையோடு வந்து, "பேச்சு நல்லா இருந்துச்சாக்கா?" என்று கேட்டார். வீட்டு வேலையைப் பகிர்வது பற்றிப் பேசிவிட்டு வந்தவள் நான். என்ன சொல்ல? என் கணவர் என்னோடு சண்டை போடாமல் இருப்பதற்கும், நான் பதவி உயர்வு வாங்கியதற்கும், பாத்திரம் யார் கழுவுவது என்ற வாக்குவாதம் எங்கள் வீட்டில் வராததற்கும் அவருடைய இரண்டு கைகள்தான் காரணம். அந்தச் சொல்லை அடித்ததில் மாமியார் பயம் முக்கால்வாசி என்றால், இந்தக் கூச்சம் கால்வாசி. எனக்குத் தெரிந்த பல பெண்களுக்கு இந்தக் கூச்சம் இருக்கிறது, வெளியே சொல்வதில்லை.

போன வாரம் அதே நெறியாளர் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி. இந்த ஆண்டும் வர முடியுமா, அறிமுகத்துக்கு நான்கு வரி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். நான் கைபேசியை வைத்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்து அத்தை என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"போன வருஷம் அந்தப் பொண்ணு அட்டையில என்னமோ அடிச்சியே, என்ன அது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்திருக்கிறார். பெண்ணியவாதி என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். எழுபதுகளில் மின்னணுத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து, சம்பளத்தைத் தன் பெயரில் அஞ்சலகச் சேமிப்பில் போட்டு, மாமாவுக்குத் தெரியாமல் தன் தங்கையைப் படிக்க வைத்தவர் அவர். கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அதுக்கா அவ்வளவு அழுத்தி அடிச்சே? நான் என்னமோ வயசைத்தான் போட்டுட்டாங்கன்னு நினைச்சேன்."

நான் பதில் சொல்லவில்லை. அவரே கேட்டார்: "இந்த வருஷம் என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமைதான் அத்தை."

"அப்போ நம்ம வீட்டுல வேலை செய்யற பொண்ணு லீவு எடுத்துக்கட்டும். சாப்பாட்டைத் தேக்காவுல வாங்கிக்கலாம். உம் புருஷனை வரிசையில நிக்கச் சொல்லு."