எல்லாம் மாறினால் அறிவுக்கு எது பிடிமானம்?

"எல்லாமே மாறிக்கொண்டிருக்கிறது, ஆகவே உறுதியான அறிவு என்று ஒன்று கிடையாது." உலகம் நிலையான பொருள்களால் அல்ல, நிகழ்வுகளால் ஆனது என்னும் செயல்முறை மெய்யியலை இந்த ஒரு வரிக்குள் அடக்கிவிடுகிறவர்கள் அதிகம். அதை வகுத்த ஆங்கிலேய மெய்யியலாளர் வைட்ஹெட் சொன்னது இதுவல்ல. ஒரு நிகழ்வு உருவாகிக்கொண்டிருக்கும்வரைதான் அதில் நெகிழ்வு. முடிந்துவிட்டால் நடந்தது நடந்ததுதான். அடுத்து வரும் நிகழ்வு அதைத் தனக்குள் வாங்கிக்கொண்டுதான் உருவாக முடியும். இந்த வாங்கிக்கொள்ளுதல் பெரும்பாலும் நினைவே இல்லாமல் நடக்கிறது. அது தெளிந்து தெரியவரும் அரிய கட்டம்தான் அறிவு.

'மூணு மாச சர்க்கரை' என்று சொல்கிறோமே, எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை, அதையே பாருங்கள். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வருகிறது. கழிந்துபோன நாள்கள் அந்த அணுவின் இன்றைய உடம்பாகவே இருக்கின்றன. அதனால்தான் இன்று எடுத்த ஒரு துளியில் கடந்த வாரங்களைப் படிக்க முடிகிறது.

ஆனால் அந்தப் பரிசோதனையில் வரும் 7 சதவீதம் என்பது சராசரி. சர்க்கரை சீராக இருந்தவருக்கும், ஏறி இறங்கித் தவித்தவருக்கும் அதே 7 வரலாம். சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய் இருந்தால் ஒட்டுவதற்கே நாள் போதாது. எண் குறைத்துக் காட்டும். எண்ணையே உடம்பின் நிலை என்று நம்புவதுதான் 1925-லேயே வைட்ஹெட் பெயர் வைத்துச் சுட்டிய பிழை: பிரித்தெடுத்த சுருக்கத்தை முழு நிஜமாகக் கொள்வது.

தவறு எங்கே நுழைகிறது என்பதில் அவர் இன்னும் துல்லியம். புலனுணர்வில் இரண்டு இழை உண்டு. ஒன்று, கண்முன் விரியும் நிறமும் வடிவமும். இன்னொன்று, ஏதோ ஒன்று நம்மைத் தாக்கியது என்ற மங்கலான, ஆனால் அழுத்தமான உணர்வு. கால் எடுக்கப்பட்டவருக்கு இல்லாத விரலில் வலிக்கிறது. வலி பொய்யில்லை, நரம்பின் தாக்கமும் பொய்யில்லை. 'விரலில்' என்று இரண்டையும் முடிச்சுப் போட்ட இடத்தில்தான் பிசகு. ஒரு கூற்றைச் சோதிக்கும்போது என்ன தோன்றியது, எது தாக்கியது, இரண்டையும் எப்படி இணைத்தோம் என்று தனித்தனியாகக் கேட்பது இதனால்தான் பயன்படுகிறது.

காரணத்தை நாம் நேரடியாக உணர்வதே இல்லை என்ற 18-ஆம் நூற்றாண்டு மெய்யியலாளர் டேவிட் ஹியூமுக்கு வைட்ஹெட் தரும் பதிலும் இந்த இரண்டாம் இழையில்தான் நிற்கிறது. இருட்டில் சட்டென விளக்கு எரிகிறது, கண் சிமிட்டுகிறோம். ஹியூம் வழியில் போனால் முதலில் ஒளி, பிறகு சிமிட்டல், இவ்வளவுதான். காரணம் என்பது பழக்கத்தில் வந்த எண்ணம். சிமிட்டியவரோ 'வெளிச்சம்தான் சிமிட்ட வைத்தது' என்பார். அந்த உந்துதலை உணர்ந்தேன் என்பார். அந்த உணர்வும் மூளை பின்னால் கட்டிச் சேர்த்ததாக இருக்கலாமே என்ற கேள்வி வலுவானது. வைட்ஹெட் அதை முழுக்க அடைத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்புகிறவரும் 'மூளை கட்டியது' என்று ஒரு காரணத்தைத்தான் சொல்கிறார்.