ஒட்டுப்பாலுக்கு விலை உண்டு, சிப்ஸ் கவருக்கு இல்லை

போன ஓணத்துக்குப் பாறசாலையில் ஒரு கடைக்கு அனுப்பிய ஏத்தங்காய் சிப்ஸில் 30 பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. பிரித்தால் நமத்துப்போயிருந்தது, எண்ணெய் காறல் அடித்தது. வெள்ளித்தாள் கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் ஊசிமுனை அளவு துளை. வாழைக்காய், தேங்காய் எண்ணெய், அடுப்பு முன்னால் நின்ற பெண்களின் உழைப்பு எல்லாம் அந்தத் துளை வழியாகப் போய்விட்டது.

அதனால்தான் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக்கைப் பற்றி ஆசையோடு படிக்கத் தொடங்கினேன். 2001-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு வழி கண்டார்கள். பொருளுக்குள்ளேயே திரவம் நிறைத்த நுண்குமிழ்களைப் புதைத்துவிடுவது. விரிசல் ஓடும்போது குமிழ் உடையும், திரவம் கசிந்து இறுகும். ஆனால் அதே இடத்தில் மறுபடி விரிந்தால் மருந்து மிச்சமிருக்காது. 2008-இல் பாரிஸில் லுட்விக் லைப்லரின் குழு தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்களையும் யூரியாவையும் கொண்டு ஒரு ரப்பரைச் செய்தது. இரண்டாக அறுத்து, வெட்டு முகங்களை உடனே சேர்த்து வைத்தால், சூடாக்காமலே ஒட்டிக்கொள்ளும். திரும்பத் திரும்ப ஒட்டும்.

எங்கள் ஊரில் இதை விடியற்காலையில் ரப்பர் மரத்திலேயே பார்க்கலாம். கத்தி பட்டையைச் சீவியதும் பால் சிரட்டைக்கு வடிகிறது. சில மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. பாலில் மிதக்கும் நுண்பைகள் உடைந்து, அவற்றின் புரதம் ரப்பர் துகள்களைத் திரட்டி, பால்குழாய்களின் வாயை அடைக்கிறது. வெட்டுச்சாலில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை மறுநாள் உரித்து எடுத்த பிறகுதான் அடுத்த வெட்டு. ரப்பர் ஷீட்டைவிடக் குறைவுதான், ஆனாலும் அதற்கும் விலை உண்டு. காயத்தை மூடிய கட்டுகூடக் காசாகிறது.

சிப்ஸ் கவரின் கதை அப்படியல்ல. பாலியெஸ்டர், அலுமினியம், பாலித்தீன் என்று ஒன்றோடொன்று ஒட்டிய அடுக்குகள் அது. பிரிக்க முடியாததால் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடையில் ஓசிக்குக்கூட வாங்க மாட்டார்கள். காயம் ஆறும் இன்னோர் அடுக்கை அதன்மேல் ஏற்றினால் என் சிப்ஸ் பிழைக்கும், கவர் ஓடையில்தான் கிடக்கும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூலக்கூறுகள் அசைந்தால்தான் காயம் மூடும். அப்படி அசைய இடமிருக்கும் பிளாஸ்டிக்கில் காற்றும் எளிதாகப் புகும். சிப்ஸுக்குக் காற்றுதான் எமன்.

ஆகவே ஆராய்ச்சியாளர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஒரே பொருளால் ஆன, உருக்கி மறுபடி வார்க்கக்கூடிய கவரில் இந்த வித்தையைக் கொண்டுவாருங்கள். அதுவரை, போய்த் திரும்பி வரும் பெட்டிகளுக்கும் பீப்பாய்களுக்கும் கொடுங்கள். பத்து வருடம் உழைக்கும் பொருளுக்குத்தான் காயம் ஆறுவது பெரிய லாபம். ஒரு மாலையில் தின்று எறியும் கவருக்கு அந்தச் செலவைச் செய்வது எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த 30 கவர்களையும் ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். சென்ற வாரம் ஒட்டுப்பால் எடுக்க வந்தவரிடம் இதையும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். சாக்கைத் திறந்து பார்த்தவர், ஒட்டுப்பாலை மட்டும் தராசில் ஏற்றினார்.