லாஸ் வேகாஸில் துப்பாக்கிச் சந்தையா?

வரிசையாக மாட்டிய ரைஃபிள்கள், அவற்றை எடுத்துக் குறிபார்க்கும் கூட்டம். "லாஸ் வேகாஸில் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்த் துப்பாக்கி வாங்கலாம்" என்ற வரியோடு ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

அது ஷாட் ஷோ. 1979இல் தொடங்கி, 2010 முதல் ஜனவரியில் லாஸ் வேகாஸிலேயே நடக்கும், துப்பாக்கித் தொழிலுக்கான வணிகக் கண்காட்சி. பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. தொழிலில் இருப்பவர்களும் செய்தியாளர்களும்தான் முன்பதிவு செய்து வர முடியும். புதிய ரைஃபிள், குறிபார்க்க உதவும் ஸ்கோப், சுடும் சத்தத்தைக் குறைக்கும் சப்ரசர் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். கடைக்காரர்கள் ஆர்டர் கொடுக்கலாம். ஆனால் அங்கேயே காசு கொடுத்துத் துப்பாக்கியை எடுத்துப் போக முடியாது. காட்சிக்கு வைத்தவற்றில், தோட்டாவை வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னையே கழற்றியிருப்பார்கள். சுட்டுப் பார்ப்பதற்கு நகருக்கு வெளியே தனி நிகழ்ச்சி.

குழப்பம் எங்கே வருகிறது? அமெரிக்க ஊர்களில் நடக்கும் 'கன் ஷோ' வேறு. அங்கே பொதுமக்கள் வாங்கலாம். உரிமம் பெற்ற வியாபாரி, வாங்குபவருக்குக் குற்றப் பின்னணி உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனையைப் பொதுவாகச் செய்தாக வேண்டும். தனிநபர் விற்றால் பல மாநிலங்களில் அந்தக் கட்டாயம் இல்லை. கவலைப்பட வேண்டிய ஓட்டை அதுதான். அதை விட்டுவிட்டு ஷாட் ஷோ வீடியோவைப் பரப்புவது சரியல்ல.